புத்தருக்கு யார் சம்பளம் கொடுப்பது?

சென்னையில் ஒரு ரெஸ்டாரன்ட் 'ஆசிய' ரெஸ்டாரன்ட்தானா என்று தெரிந்துகொள்ள போர்டைப் பார்க்க வேண்டியதில்லை. கதவைத் திறந்ததும் இருட்டு. இருட்டுக்குள் சிவப்பாக நாலு காகித விளக்கு. மூலையில் மூங்கில். கண் கொஞ்சம் பழகியதும் எதிரே கண்ணை மூடிக்கொண்டு ஒரு புத்தர். கல்லாப் பெட்டி பக்கத்தில் தொப்பையோடு இன்னொருவர் சிரித்துக்கொண்டிருப்பார். (அவர் கௌதம புத்தர் இல்லை. புதாய் என்ற சீனத் துறவி. பில் தொகையைப் பார்த்துச் சிரிக்கிறார் என்பது என் சொந்த ஆராய்ச்சி.)

"ஏன் சார், சென்னையும் ஆசியாவிலதானே இருக்கு? மயிலாப்பூர் மெஸ்ஸெல்லாம் ஆசிய ரெஸ்டாரன்ட் இல்லையா?" என்று இன்டீரியர் வேலை செய்யும் நண்பரைக் கேட்டேன்.

"இல்லை. அங்கே ட்யூப்லைட்" என்றார்.

விஷயம் என்னவென்றால், இந்த 'ஆசியா'வை உருவாக்கியவர்கள் ஆசியாக்காரர்கள் இல்லை. 1933-ல் ஹாலிவுட்டில் 'டான் தி பீச்காம்பர்' என்று ஒரு பார் வந்தது. மூங்கில், பாய், தீவு வாசனை, நிறைய ரம். 1996-ல் பாரிஸில் 'புத்தா பார்'. பிரமாண்டமான புத்தர், மங்கல் வெளிச்சம், மெல்லிய சங்கீதம். அதைப் பார்த்து உலகம் பூராவும் காப்பி அடித்தார்கள். ஆக, நம்ம ஊர் ஆசியா பாரிஸ் வழியாக வந்து இறங்கியிருக்கிறது.

இதில் வம்பும் உண்டு. ஜகார்த்தாவில் 2008-ல் புத்தா பார் திறந்தபோது அங்குள்ள பௌத்தர்கள் கொதித்துப் போய் வழக்குப் போட்டார்கள். 2010-ல் மூடச் சொல்லி கோர்ட் உத்தரவு. மியான்மரில் ஒரு பாருக்காக, புத்தருக்கு ஹெட்போன் மாட்டி விளம்பரம் போட்டவர்களுக்கு 2015-ல் இரண்டரை வருஷம் ஜெயில். டிசைனருக்கு அது அலங்காரப் பொருள். பக்கத்து வீட்டுக்காரருக்கு சாமி. பாரில் பிள்ளையாரை வைத்து, தும்பிக்கையில் கோப்பையைக் கொடுத்தால் மயிலாப்பூர் சும்மா இருக்குமா?

சரி, நான் பி.காம். சாமியை விட்டுவிட்டு கணக்குக்கு வருகிறேன்.

தி.நகரில் 1,500 சதுர அடி இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுர அடி வாடகை 150 ரூபாய் என்றால், மாசம் 2,25,000. சமையலறை, ஸ்டோர், டாய்லெட்டுக்கு 600 அடி போக மிச்சம் 900. ஆளுக்கு 15 அடி என்றால் 60 நாற்காலி. அதாவது நாற்காலிக்கு மாச வாடகை 3,750; தினம் 125. நீங்கள் உட்காருவதற்கு முன்பே உங்கள் நாற்காலி 125 ரூபாய் கடனில் நிற்கிறது. இது வெறும் வாடகை. சமையல்காரர், கரன்ட் பில், ஏ.ஸி., மூலையில் இருக்கும் புத்தர் எல்லாம் தனி.

மற்ற ஊர்களில் இந்தக் கடனை அடைப்பது பார். சாப்பாட்டில் வராத லாபம் கோப்பையில் வரும். அதனால்தான் மெத்து மெத்தென்று சோபா, முகம் தெரிகிற அளவுக்கு மட்டும் வெளிச்சம். ஆள் சாய்ந்து உட்கார்ந்தால் இன்னொரு ரவுண்ட் சொல்வார். இருட்டுக்கும் சோபாவுக்கும் பின்னால் இருப்பது கலை இல்லை, கல்லா.

தமிழ்நாட்டில் சட்டம் வேறு. பார் லைசென்ஸ் பெரும்பாலும் ஸ்டார் ஹோட்டலுக்கும் கிளப்புக்கும்தான். சில்லறை விற்பனை 2003-லிருந்து டாஸ்மாக் கையில். தனியாக ரெஸ்டாரன்ட் நடத்துபவர் கோப்பை வைக்க முடியாது. ஆனால் டிசைன் மட்டும் பாரிஸிலிருந்து அப்படியே வந்துவிட்டது! உயரமான ஸ்டூல், வழுவழு கவுன்ட்டர், பின்னால் வரிசையாகப் பாட்டில். அத்தனையும் சிரப். ஸ்டைலாக ஏறி உட்கார்ந்தால் கிடைப்பது லெமன் சோடா.

சோபாவில் ஒரு ஜோடி ரெண்டு மணி நேரம் ஒரே லெமன் சோடாவோடு உட்கார்ந்தால் முதலாளிக்கு வயிறு எரியாதா? அதனால் டிசைனரிடம் சொல்லிவிடுகிறார்: "பார்க்க பார் மாதிரி இருக்கணும். உட்கார மெஸ் மாதிரி இருக்கணும்." சோபா போய், முதுகைக் குத்தும் மர நாற்காலி வருகிறது. மற்ற ஊரில் புத்தருக்குச் சம்பளம் பாரிலிருந்து. இங்கே உங்கள் ஃப்ரைட் ரைஸிலிருந்து. முதல் தேதி மனைவியோடு போகிறவர் கொடுக்கும் பில்லில், வாராத லாபத்துக்கும் சேர்த்துத்தான் காசு.

நல்ல உதாரணம் இல்லாமல் இல்லை. ஜெமினி ஸ்டுடியோ இருந்த மண்ணில் பார்க் ஹோட்டல் வந்தபோது சினிமாவையே அலங்காரமாக எடுத்துக்கொண்டார்கள். தோல் வியாபாரத்துக்குப் பேர் போன ஊரில் பாருக்கு 'லெதர் பார்' என்று பெயர் வைத்தார்கள். இருக்கிற இடத்தைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். ஆழ்வார்பேட்டையில் 'பெஞ்சரோங்' என்று ஒரு தாய்லாந்து ரெஸ்டாரன்ட். வர்ணம் தீட்டிய அந்த நாட்டுப் பீங்கானின் பெயர் அது. பெஞ்ச என்றால் பஞ்ச. ரோங் என்றால் ரங்கம். ஐந்து நிறம்! நம்ம பாட்டிக்கே புரியும் தாய் பாஷை.

அதாவது ஆசியா நமக்குப் புதுசே இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீவிஜய ராஜா, நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்டினார். அதன் செலவுக்கு ஆனைமங்கலம் கிராமத்து வருமானத்தை எழுதி வைத்தவர் ராஜராஜ சோழன். புத்தருக்குச் சம்பளம் ஒரு காலத்தில் முறையாகவே போயிருக்கிறது.

எனவே நண்பர்களே, அடுத்த முறை போகும்போது மூன்று விஷயம் பாருங்கள். மெனு கார்டின் வலது பக்கம் படிக்கிற அளவுக்கு வெளிச்சம் இருக்கிறதா? நாற்காலி எழுந்து போகச் சொல்கிறதா? டாய்லெட் சுத்தமா? மூன்றும் சரியென்றால் டிராகனை மன்னித்துவிடலாம்.

அமைதியாக ஒரு புத்தரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் எழும்பூர் மியூசியத்துக்குப் போங்கள். நாகப்பட்டினத்து வெண்கல புத்தர்கள் அங்கே இருக்கிறார்கள். நுழைவுச் சீட்டு உண்டு. சர்வீஸ் சார்ஜ் கிடையாது.