கொச்சி கிட்டத்தில்... டிக்கெட் எட்டத்தில்! வெளியூர் ஆட்டம் பார்க்கப் போகும் கால்பந்து ரசிகர்கள் திண்டாட்டம்

சிலமலை:

போடியிலிருந்து தேவாரம் போகிற ரோட்டில் இருக்கிற ஊர் சிலமலை. இங்கிருந்து கொச்சி சுமார் 200 கிலோ மீட்டர். சென்னை 500 கிலோ மீட்டருக்கும் மேல்.

சென்னையின் எப்.சி. கால்பந்து அணி மேல் பித்துப் பிடித்த பையன் ஒருவன் இந்த ஊரில் இருக்கிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவனுடைய அணிக்குச் "சொந்த" மைதானம் சென்னை பெரியமேடு நேரு ஸ்டேடியம். அங்கே போக ஒரு ராத்திரி, திரும்ப ஒரு ராத்திரி. அதே அணி கேரளா பிளாஸ்டர்சுடன் மோத கொச்சி கலூருக்கு வந்தால், விடியக்காலம் கிளம்பினால் சாயங்காலம் கேலரியில் உட்கார்ந்து விடலாம். (அந்த மைதானத்துக்கும் நேரு ஸ்டேடியம் என்றுதான் பேர்!) அட்டவணையில் "வெளியூர் ஆட்டம்" என்று போட்டிருப்பதுதான் இவனுக்கு உள்ளூர் ஆட்டம்.

போவதற்கு ரோடும் உண்டு. கொச்சியில் புறப்பட்டு மூணாறு, போடிமெட்டு, போடி, தேனி, மதுரை வழியாக தொண்டி போய்ச் சேருகிற 85-ம் எண் தேசிய நெடுஞ்சாலை நம்ம வாசல் வழியாகத்தான் போகிறது. ஏலத் தோட்டத்துக்கு ஜீப்பில் ஏறி தினமும் எல்லை தாண்டிப் போய் வருகிற ஜனங்களுக்கு மலை ஏறுவது பெரிய காரியமே கிடையாது.

டிக்கெட்தான் கிடைக்க மாட்டேன் என்கிறது!

டிக்கெட் யார் கையில்?

கால்பந்தில் டிக்கெட் விற்கிற உரிமை, எந்த ஊரில் ஆட்டமோ அந்த ஊர் கிளப்புக்கு. எதிரணியோடு வருகிற ரசிகர்களுக்கு என்று கேலரியில் ஒரு மூலை ஒதுக்குவார்கள். அது எத்தனை சீட், எந்த கேட், என்றைக்கு விற்பனை என்பதை அந்த ஊர் கிளப்பும் போலீசாரும் பேசி முடிவு செய்வார்கள். ஊருக்கு ஊர், ஆட்டத்துக்கு ஆட்டம் கணக்கு மாறும்.

அந்தக் கிளப்புக்கு முதல் கவலை அதன் சொந்த ரசிகர்கள்தான். அதில் தப்பும் சொல்ல முடியாது. சீசன் டிக்கெட் வாங்கியவன், ரசிகர் மன்றத்தில் இருப்பவன், உள்ளூர்க்காரன் எல்லாம் வாங்கி முடித்த பிறகுதான் வந்தவன் பங்கு. பெரிய ஆட்டம் என்றால் அந்த மூலையும் சுருங்கும்.

கொச்சியில் இன்னொரு சிக்கல். 60 ஆயிரம் பேர் உட்கார்ந்து பார்த்த மைதானம் அது. 2017-ல் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை வந்தபோது, ஆபத்து என்றால் ஜனங்கள் சீக்கிரம் வெளியேற வழி போதாது என்று, 29 ஆயிரம் பேருக்கு மேல் விடக் கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள். பாதுகாப்பு விஷயம். யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் சீட் குறைந்தால் முதலில் வெட்டு விழுவது வெளியூர்க்காரன் மூலையில்தான்.

சரி, தனி மூலை வேண்டாம், பொது டிக்கெட் ஒன்றை வாங்கி விடலாம் என்று நினைக்கலாம். வாங்கலாம். வாங்கிவிட்டு எங்கே உட்காருவது? "மஞ்ஞப்படை" என்று பேர் வைத்துக் கொண்டு, மேளமும் கொடியுமாக கேலரி கேலரியாக மஞ்சள் சட்டை நிற்கும். நடுவில் நம்ம பையன் நீலச் சட்டையோடு! சட்டையைப் பைக்குள் திணித்து விட்டு, கோல் விழுந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். காசு கொடுத்துப் போய் ஊமை வேஷம்.

கவுண்டர் போச்சு, செல்போன் வந்துச்சு

முன்னெல்லாம் மைதானத்து வாசலில் கவுண்டர் இருக்கும். கியூவில் நின்று முண்டியடித்தாவது ஒரு டிக்கெட் வாங்கி விடலாம். இப்போது பெரும்பாலும் செல்போன் வழியாகத்தான் விற்பனை. வீட்டிலிருந்தே வாங்கலாம் என்பது நல்லதுதான். ஆனால் விற்பனை தொடங்குவது எப்போது என்று தெரிய வேண்டும். தெரிந்தாலும் அந்த நேரத்தில் நாம் எங்கே இருக்கிறோம் என்பது இருக்கிறது. மலை மேலே ஏலக்காட்டுக்குள் நிற்கிறவனுக்குப் பாதி நேரம் சிக்னல் கிடையாது. அவன் ஜீப்பில் கீழே இறங்கி வந்து போனைப் பார்த்தால், "எல்லாம் விற்றுத் தீர்ந்தது" என்று வந்து நிற்கும்.

நம்ம ஊர் ஏலக்காய் ஏலத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலம் போடியிலும் புற்றடியிலும் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. எந்த லாட், எத்தனை கிலோ, விலை எவ்வளவு என்று திரையில் எல்லாருக்கும் தெரியும். வியாபாரியும் பார்க்கலாம், விவசாயியும் பார்க்கலாம். கால்பந்து டிக்கெட்டில் அந்த முதல் கணக்கே வெளியில் வருவதில்லை. வெளியூர் ரசிகர்களுக்கு மொத்தம் எத்தனை டிக்கெட், அதில் எத்தனை விற்பனைக்கு வந்தது, எத்தனை ஓசி பாசாகப் போனது... ஒன்றும் தெரியாது. மறைவு இருக்கிற இடத்தில்தான் புரோக்கர் நுழைகிறான்.

கோப்பை வென்றது எல்லாம் வெளியூரில்!

சென்னை ரசிகர்களுக்கு இதில் ஒரு தனி வயிற்றெரிச்சல். சென்னையின் எப்.சி. ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றது 2 தடவை. இரண்டும் எதிராளியின் மைதானத்தில்!

2015 டிசம்பர் 20-ந் தேதி கோவாவின் பதோர்டா ஸ்டேடியத்தில் எப்.சி. கோவாவை 3-2 என்று சாய்த்தார்கள். ஆட்டம் முடிகிற நேரத்தில் மென்டோசா அடித்த கோல் அது. 2018 மார்ச் 17-ந் தேதி பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியத்தில் பெங்களூரு எப்.சி.யை அதே 3-2 கணக்கில் வீழ்த்தினார்கள். அன்றைக்கு மெயில்சன் ஆல்வ்ஸ் தலையால் முட்டி 2 கோல் போட்டார்.

இரண்டு நாளும் கேலரியில் நிறைந்து இருந்தது அந்தந்த ஊர்க்காரர்கள். நம்ம ரசிகர்களில் பெரும்பாலோர் டி.வி. முன்னால்தான் கூத்தாடினார்கள்.

2015-ல் இன்னொரு கொடுமையும் நடந்தது. டிசம்பரில் சென்னையை வெள்ளம் மூழ்கடித்ததால், சென்னையில் நடக்க வேண்டிய அரை இறுதி ஆட்டத்தையே புனேக்கு மாற்றினார்கள். கொல்கத்தா அணியை 3-0 என்று நொறுக்கினார்கள். சொந்த மைதான ஆட்டம், ஆனால் ஊர் 1,000 கிலோ மீட்டருக்கு அப்பால்.

உயிரைக் கொடுத்த பயணம்

டிக்கெட் பிரச்சினையை வெறும் பொழுதுபோக்குப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. ரோட்டில் போகிற உயிரும் இதில் இருக்கிறது.

2022 மார்ச் 20-ந் தேதி கோவாவில் இறுதி ஆட்டம். கேரளா பிளாஸ்டர்சும் ஐதராபாத்தும். கொரோனாவால் 2 சீசன் பூட்டிய கதவுக்குள் ஆடிவிட்டு, ரசிகர்களை உள்ளே விட்ட ஆட்டம் அது. பதோர்டா ஸ்டேடியம் சுமார் 19 ஆயிரம் பேர் கொள்ளும். கேரளாவிலிருந்து ரயில், பஸ், கார், மோட்டார் சைக்கிள் என்று கிடைத்ததில் ஏறிக் கிளம்பினார்கள். அன்றைக்கு விடியுமுன் காசர்கோடு அருகே மோட்டார் சைக்கிளில் போன மலப்புரம் வாலிபர்கள் 2 பேர் லாரி மோதி இறந்து போனார்கள். ஆட்டத்தைப் பார்க்கப் போன பிள்ளைகள்.

ஆட்டத்தில் ஐதராபாத் பெனால்டியில் 3-1 என்று ஜெயித்தது.

கடைசி நேரத்தில் தேதி தெரிந்து, கடைசி நேரத்தில் டிக்கெட் கிடைத்தால், பயணமும் கடைசி நேரத்துப் பயணமாகத்தான் இருக்கும். ரயிலில் இடம் கிடைக்காது. பஸ் நேரம் ஒத்து வராது. இருக்கிற மோட்டார் சைக்கிளை உதைக்க வேண்டியதுதான்.

நம்ம மலைப்பாதையை நினைத்துப் பாருங்கள். ஆட்டம் பெரும்பாலும் ராத்திரி ஏழரைக்கு. முடிய ஒன்பதரை. கலூரிலிருந்து அடிமாலி, மூணாறு ஏறி, தேவிகுளம் கேப் ரோட்டைக் கடந்து, பூப்பாறை வந்து, போடிமெட்டிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். மழைக்காலத்தில் கேப் ரோட்டில் மண் சரியும். சின்னக்கானல் பக்கம் யானை நிற்கும். அரிக்கொம்பனை 2023 ஏப்ரலில் பிடித்துக் கொண்டு போய்விட்டார்கள், சரி. மற்ற யானைகள் அங்கேதானே இருக்கின்றன?

சென்னை பக்கம் கொஞ்சம் விடிவு வந்திருக்கிறது. 2010 கடைசியில் நிறுத்திய போடி ரயில், அகலப் பாதை ஆகி 2023 ஜூன் 15 முதல் மறுபடி ஓடுகிறது. அன்றைக்கே சென்னை சென்ட்ரலுக்கும் நேர் ரயில் விட்டார்கள், வாரத்துக்கு 3 நாள் என்று. ஆட்டம் வருகிற நாளும் ரயில் வருகிற நாளும் ஒத்துப் போனால் அதிர்ஷ்டம்.

கள்ள மார்க்கெட்டும் 112-ம் பிரிவும்

டிக்கெட் பற்றாக்குறை என்றால் கள்ள மார்க்கெட் தானாக முளைக்கும். சினிமா கொட்டகை வாசலில் "பிளாக்" விற்றவனை நமக்குத் தெரியும். அவன் மூஞ்சியாவது தெரியும். இப்போது விற்கிறவன் போன் நம்பருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான். பணத்தை வாங்கிக் கொண்டு ஒரே டிக்கெட் படத்தை 5 பேருக்கு அனுப்புகிற மோசடிக்கும் இதில் வழி இருக்கிறது. கேட்டில் முதலில் காட்டியவன் உள்ளே, மற்ற 4 பேர் வெளியே. வெளியூர்க்காரனாக இருந்தால் எந்த ஸ்டேஷனில் போய்ப் புகார் கொடுப்பது என்றும் தெரியாது. ராத்திரி பஸ்சைப் பிடிக்க ஓடுவானா, எப்.ஐ.ஆர். போட நிற்பானா?

சட்டம் இல்லாமல் இல்லை. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 112-ம் பிரிவு "அனுமதி இல்லாமல் டிக்கெட் விற்பதை" பேர் சொல்லியே குற்றம் என்கிறது. ஓராண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை ஜெயில், அபராதமும் உண்டு. ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. விற்றவன் ஒரு கும்பலைச் சேர்ந்தவன் என்று போலீசார் நிரூபிக்க வேண்டும். 4 டிக்கெட் வாங்கி 3-ஐ கூடுதல் விலைக்குத் தள்ளுகிற தனி ஆளை இந்தப் பிரிவில் நிறுத்துவது லேசு இல்லை.

போலீசார் பக்கம் நியாயம் உண்டா?

உண்டு. 1980 ஆகஸ்ட் 16-ந் தேதி கல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகான்-ஈஸ்ட் பெங்கால் ஆட்டம். இரண்டு அணி ரசிகர்களும் ஒரே கேலரியில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். மைதானத்தில் தொடங்கிய தகராறு கேலரிக்கு ஏறியது. நெரிசலில் 16 பேர் பலி. எதிரணி ரசிகர்களைப் பிரித்து உட்கார வை, இல்லையென்றால் உள்ளே விடாதே என்று போலீசார் சொல்வதற்குப் பின்னால் இந்த மாதிரிப் பிணங்கள் இருக்கின்றன. அர்ஜென்டினாவில் 2013-ல் ஒரு ரசிகர் கொல்லப்பட்ட பிறகு, எதிரணி ரசிகர்களே வரக் கூடாது என்று நாடு முழுக்கத் தடை போட்டு விட்டார்கள்.

ஆனால் தடை போடுவது சுலபமான வேலை. டிக்கெட் மறுக்கப்பட்டவன் வீட்டில் உட்கார மாட்டான். பொது கேலரியில் டிக்கெட் வாங்கி, சட்டையை மறைத்துக் கொண்டு உள்ளே போவான். அப்போது போலீசார் எதைத் தவிர்க்க நினைத்தார்களோ அதே கலப்பு நடந்து விடும். இந்த இடத்தில் நமக்குப் போலீசார் வாதம் பிடிபடவில்லை.

இங்கிலாந்தில் வேறு மாதிரி. பிரீமியர் லீக்கில் எதிரணி ரசிகர்களுக்கு 3 ஆயிரம் டிக்கெட், அல்லது மைதானத்தில் நூற்றுக்குப் பத்து, இதில் எது குறைவோ அது கட்டாயம். அந்த டிக்கெட்டை விற்பது வருகிற அணியின் கிளப். தன் ரசிகன் யார், எத்தனை வெளியூர் ஆட்டத்துக்குப் போனவன் என்று அதற்குத் தெரியும். விலையும் 2016-17 சீசனிலிருந்து 30 பவுனுக்கு மேல் போகக் கூடாது என்று கட்டிப் போட்டிருக்கிறார்கள். அங்கேயும் ரசிகர்கள் கிடைக்கவில்லை என்று சண்டை போடுகிறார்கள்தான். ஆனால் எதற்குச் சண்டை போடுகிறோம் என்று ஒரு எண்ணாவது கையில் இருக்கிறது.

இதை இங்கே செய்ய என்ன தடை? டிக்கெட்டில் பேரும் அடையாள அட்டை எண்ணும் போட்டு, வருகிற அணியின் கிளப்பே விற்றால், தகராறு செய்தவனைப் பிடிப்பதும் போலீசாருக்குச் சுலபம். புரோக்கருக்கும் வேலை குறையும்.

அதற்கு முதலில் அட்டவணை ஒழுங்காக வர வேண்டும். 2025 ஜூலையில் ஒப்பந்தத் தகராறில் ஐ.எஸ்.எல். சீசனையே நிறுத்தி வைத்தார்கள். வழக்கமாக செப்டம்பரில் தொடங்குகிற போட்டி, அந்த வருஷம் முடிகிற வரை தொடங்கவில்லை. அதே வருஷம் நவம்பரில் அர்ஜென்டினா அணி கொச்சிக்கு வருகிறது என்று அமர்க்களப்பட்டு, அதுவும் தள்ளிப் போனது. டிசம்பர் 13-ல் மெஸ்சி கல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்துக்கு வந்தார். ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் அவரைச் சரியாகப் பார்க்கக்கூட முடியாமல் நாற்காலியைப் பிடுங்கி எறிந்தார்கள். ஏற்பாட்டாளர் கைதானார். அங்கே டிக்கெட் கிடைத்தும் பிரயோசனம் இல்லாமல் போச்சு.

மூணாறு தேயிலைத் தோட்டத் தொழிலாளிகள் 1940களிலிருந்து பின்லே ஷீல்டு கால்பந்து ஆடி வருகிறார்கள். இந்த மலையில் பந்து உதைக்கிற பழக்கம் ஐ.எஸ்.எல்.லுக்கு 70 வருஷம் மூத்தது. மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவனும் கொச்சி கேலரியில் நீலச் சட்டையோடு உட்கார ஆசைப்படலாம். அடுத்த அட்டவணை அச்சாகிற போது, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நேராக "வெளியூர் ரசிகர்களுக்கு இத்தனை டிக்கெட், இன்ன தேதியில் விற்பனை" என்று ஒரு வரி சேர்க்க எந்தக் கிளப்புக்கும் பெரிய செலவு ஆகிவிடாது.