காருக்குறிச்சிக்கு அடுத்த ஊர்

பெரியப்பா முப்பது வருடம் பஸ் கண்டக்டர். திருநெல்வேலி–பாபநாசம் தடத்தில்தான் அவர் காலம் ஓடியது. மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்து வலது கையும் காலும் விழுந்த அன்றே பேச்சும் போய்விட்டது. தண்ணீர் கேட்க வராது. பெரியம்மாவின் பெயர் வராது. எதைக் கேட்டாலும் "ந்தா… ந்தா" என்ற ஒரே சத்தம்தான். அதைச் சொல்லிவிட்டு அவரே தலையில் அடித்துக்கொள்வார்.

இரண்டாவது மாதத்தில் ஒரு சாயங்காலம் பெரியம்மா அவர் காலுக்கு எண்ணெய் தடவியபடி, சும்மா, "மேலப்பாளையம், முன்னீர்பள்ளம்" என்று ஆரம்பித்திருக்கிறார். பத்தமடை, சேரன்மாதேவி, காருக்குறிச்சி என்று இழுத்துக்கொண்டே வந்து, எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கத் திரும்பியிருக்கிறார். "வீரவநல்லூர்" என்றார் பெரியப்பா. தெளிவாக. அதற்கு மேல் அவராகவே போனார்: கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம். அன்று ராத்திரி பெரியம்மா எனக்குப் போன் செய்து, "ஒங்க பெரியப்பா பஸ்ஸ எடுத்துட்டாகப்பா" என்று சொல்லி அழுதார். மறுநாள் நான் போய், "வீரவநல்லூர்னு மட்டும் சொல்லுங்க பெரியப்பா" என்று கேட்டேன். வரவில்லை. மேலப்பாளையத்தில் ஏறினால்தான் அவரால் வீரவநல்லூரில் இறங்க முடிந்தது.

இது அதிசயம் இல்லை. பக்கவாதத்தில் சொல்லிழந்தவர்கள் பலருக்கும் வாய்ப்பழக்கமாக வரிசையில் வருபவை மிஞ்சியிருக்கும். ஒன்று, இரண்டு எண்ணுவது, கிழமைகள், சின்ன வயதிலிருந்து பாடிய பாட்டு, தினமும் சொன்ன பிரார்த்தனை எல்லாம் அப்படித்தான். யோசித்து ஒரு சொல்லைத் தேடி எடுப்பது ஒரு வேலை; பழகிய வரிசை தானாக உருண்டு வருவது வேறு வேலை. பேச்சுப் பயிற்சியாளர்கள் பல நேரம் இந்த வரிசைகளிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பெரியம்மாவுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது மாத்திரைச் சீட்டு கொடுத்தார்கள், "பிசியோ பண்ணுங்க" என்றார்கள். பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. முதல் வாரமே யாராவது பத்து நிமிஷம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அந்த இரண்டு மாதம் வீணாகியிருக்காது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதற்கு முன்பே வீணான நேரம் ஒன்றும் உண்டு. வாய் கோணியதும், புறா ரத்தம் தடவினால் சரியாகும் என்று யாரோ சொல்ல, அரை நாள் புறா தேடியிருக்கிறார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். குறிப்பிட்ட சிலருக்குக் குழாய் செலுத்தி அடைப்பை எடுக்கும் சிகிச்சையை 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம் என்றாலும், ஒவ்வொரு நிமிஷமும் மூளைக்கு நஷ்டம்தான். புறாவை நம்பியவர்களும் அன்பினால்தான் ஓடினார்கள்.

"வீட்ல நல்லா பாத்துக்கிடுங்க" என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்புகிறார்கள். பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று காட்டித் தருபவர் குறைவு. அன்பு இருந்தால் கை தானாக வேலை கற்றுக்கொள்ளும் என்பது நம் ஊர் நம்பிக்கை. அது பாதிதான் உண்மை. பயிற்சி கொடுத்துவிட்டால் குடும்பமே போதும் என்பதும் சரியில்லை. 2017இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் பக்கவாதம் வந்த 1,250 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பிரிவில், வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு மருத்துவமனையிலேயே பயிற்சி கொடுத்து, வீட்டுக்குப் போன பிறகும் இரண்டு மாதம் வரை தொடர்ந்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டிலும் 47 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள் அல்லது பிறரைச் சார்ந்தே இருந்தார்கள். ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை.

குடும்பத்தின் உழைப்பு வீண் என்று இதைப் படித்துவிடக் கூடாது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களின் பக்கத்திலும் ஒரு மனைவியோ மகளோ இரவு பகலாக இருந்திருப்பார்கள். இந்தியாவில் நோயாளி தனியாக வீடு திரும்புவது அபூர்வம். இந்த ஆய்வு எனக்குச் சொல்வது வேறு. தேர்ந்த சிகிச்சையாளர் செய்ய வேண்டிய வேலையை, கொஞ்சம் பயிற்சி கொடுத்துக் குடும்பத்தின் தலையில் இறக்கிவைத்துவிட முடியாது. ஆள் பற்றாக்குறைக்குக் குடும்பமே பதில் என்று திட்டம் போடுபவர்கள் அந்த 47ஐ ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. அன்பே சில நேரம் கையைக் கட்டிப்போடும். பெரியம்மா ஆறு மாதம் பெரியப்பாவுக்குச் சோறு ஊட்டினார், பொத்தான் போட்டார், தலை வாரினார். அவர் இடது கையால் எதையாவது எடுக்கப் போனாலும், "நீங்க இருங்க, நான் எடுத்துத் தாரேன்" என்பார். முயன்று முயன்று தோற்ற கையை மூளை மெல்ல மறந்துவிடும் என்று குரங்குகளிடம் கண்டறிந்தவர் எட்வர்ட் டாப். அவர் வழியில் வந்த சிகிச்சையில் நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, விழித்திருக்கும் நேரமெல்லாம் பலவீனமான கையையே வேலை செய்ய வைப்பார்கள். அமெரிக்காவில் பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதமான 222 பேரிடம் இரண்டு வாரம் இதைச் சோதித்தார்கள். அதன் பலன் ஒரு வருடத்துக்குப் பிறகும் நீடித்ததாக 2006இல் முடிவு வெளியானது. மணிக்கட்டிலும் விரலிலும் கொஞ்சமாவது அசைவு மிஞ்சியிருந்தவர்களுக்குத்தான் இது பொருந்தும். ஆனாலும் அதிலுள்ள பாடம் எல்லா வீட்டுக்கும் உரியது. தட்டில் சிந்தினாலும் அவரே சாப்பிடட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பது ஊட்டிவிடுவதைவிடக் கடினமான அன்பு. யாராவது காரணம் சொன்னால்தானே ஒரு மனைவிக்கு அந்தத் தைரியம் வரும்?

ஜில் போல்ட் டெய்லர் என்ற மூளை அறிவியலாளருக்கு 1996 டிசம்பர் 10 அன்று மூளையின் இடப்பக்கத்தில் ரத்தம் கசிந்தது. வயது 37, ஹார்வர்டில் வேலை. பேச்சு, எழுத்து, எண் எல்லாம் போய்விட்டன. கணிதம் கற்பித்த அவருடைய அம்மா வந்து சேர்ந்து, மகளைக் குழந்தையைப் போல முதலிலிருந்து வளர்த்தார். "சாப்பிடுகிறாயா" என்று கேட்டுத் தலையாட்ட விடவில்லை. இந்த சூப் வேண்டுமா, இந்த ரொட்டி வேண்டுமா என்று தேர்ந்தெடுக்க வைத்தார். ஓர் உணவின் பெயர் மகளுக்குப் புரியவில்லை என்றால் அன்று மதியம் அதையே செய்து கொடுத்தார். தூங்க வேண்டிய அளவு தூங்க விட்டார். முழுதாக மீண்டுவர எட்டு வருடம் ஆனது என்று டெய்லர் எழுதியிருக்கிறார்.

எட்டு வருடம் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "ஆறு மாசத்துல வந்தது வந்ததுதான், அதுக்கு மேல வராது" என்ற பேச்சை நம் வீடுகளிலும் மருத்துவமனை நடைகளிலும் கேட்கிறோம். முதல் மூன்று முதல் ஆறு மாதத்தில் மீட்சி வேகமாக இருக்கும் என்பது சரி. அதனால்தான் அந்த மாதங்களைக் கோட்டைவிடக் கூடாது. அதற்குப் பிறகு வேகம் குறையும், கதவு சாத்தப்படுவதில்லை. ஆறு மாதக் கணக்கைக் கேட்டு எத்தனையோ வீடுகளில் பயிற்சியை நிறுத்திவிடுகிறார்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வேறு வருகிறது. "ஒத்துழைக்க மாட்டேங்குறாரு" என்று குடும்பம் சலித்துக்கொள்வதில் எவ்வளவு அந்தச் சோர்வு என்று யார் பார்க்கிறார்கள்? மருந்துக்கும் பேச்சுக்கும் கேட்கும் நோய்தான் அது.

தமிழ்நாட்டில் வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', ரத்த அழுத்த மாத்திரையோடு பிசியோதெரபியையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. பக்கவாதத்துக்கு முக்கியக் காரணமே கவனிக்காத ரத்த அழுத்தம்தான் என்பதால் இது இரண்டு முனையிலும் உதவும். இதே வண்டியில் பேச்சுப் பயிற்சியாளரும் ஏற வேண்டும். கை விழுந்தவருக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதிகூடச் சொல் விழுந்தவருக்குக் கிடைப்பதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மூளைப் பாதிப்பால் நிரந்தரமாக ஏற்படும் பேச்சிழப்பையும் உடல்குறையாகவே ஏற்கிறது. அதைச் சொல்லிச் சான்றிதழ் வாங்கலாம் என்று எத்தனை குடும்பங்களுக்குத் தெரியும்? சிகிச்சையாளருக்கு மாற்றாக இல்லை, துணையாகத்தான்: வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே, பார்த்துக்கொள்ளப் போகிறவரைப் பக்கத்தில் நிறுத்தி, புரட்டுவது, உட்காரவைப்பது, விழுங்கவைப்பது, பேசவைப்பது எல்லாவற்றையும் அவர் கையால் செய்யவைத்துப் பார்த்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும்.

பெரியப்பா இப்போது நடுவழியிலும் ஏறுகிறார். சேரன்மாதேவியிலிருந்து தொடங்கினாலும் சொல்கிறார். போன மாதம் வரிசையே இல்லாமல் "தண்ணி" வந்தது.

பிசியோ சொல்லித்தர வரும் பெண் ஒருநாள் பெரியப்பாவைப் பார்த்து முடித்துவிட்டு, "ஒங்களுக்கு எங்கம்மா வலிக்கு?" என்று பெரியம்மாவிடம் கேட்டிருக்கிறார். இத்தனை மாதத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். வலது தோள்பட்டை, ராத்திரி படுக்க முடியாது. அந்தப் பெண் பெரியம்மாவைக் கட்டில் பக்கம் நிறுத்தி, இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கிக் காட்டினார். பிறகு பெரியப்பாவின் இடது காலை மடித்து ஊன்றச் சொல்லி, இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடிக்கச் சொன்னார். பெரியப்பா ஒரு உந்து உந்தி, தானே பக்கவாட்டில் புரண்டார்.

"இத்தன நாளா நான்லா தூக்கிட்டு இருந்தேன்" என்றார் பெரியம்மா, தோளைப் பிடித்துக்கொண்டு.