நிக்கல் சுரங்கம் நம் வீட்டிலேயே இருக்கிறது

மாணவர்களே, வீட்டில் உள்ள எவர்சில்வர் தட்டின் மீது ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒட்டாது. இரும்பையும் நிக்கலையும் தனித்தனியே காந்தம் ஈர்க்கும். ஆனால், குரோமியம் கலந்த எஃகில் போதிய நிக்கல் சேரும்போது அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறை மாறிவிடுகிறது. பழைய உலோகம் வாங்குவோரும் இந்தச் சோதனையைச் செய்துதான் நிக்கல் கலந்த எஃகைப் பிரிக்கிறார்கள்.

‘304’ எனப்படும் எவர்சில்வர் வகையில் ஏறத்தாழ 8 விழுக்காடு நிக்கல் உள்ளது. இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவில் தோண்டப்படும் தாதுவிலோ 1 முதல் 2 விழுக்காடுதான். உலகச் சுரங்கங்களில் கிடைக்கும் நிக்கலில் பாதிக்கும் மேல் அந்நாட்டிலிருந்தே வருகிறது. அதற்காகக் காடுகள் அழிக்கப்படுகின்றன. மழையில் செம்மண் கரைந்து, மீனவர்கள் நம்பி வாழும் கடலில் கலக்கிறது. தாதுவை உருக்க நிலக்கரி எரிகிறது.

அப்படியானால், நாம் வீசும் பழைய தட்டு அந்தத் தாதுவைவிட வளமானது அல்லவா? காகிதத்தை மறுசுழற்சி செய்யும்போது அதன் இழைகள் ஒவ்வொரு முறையும் குட்டையாகும். நிக்கல் அணுவோ எத்தனை முறை உருக்கினாலும் தேயாது. ஆனால், சாதாரண இரும்புடன் கலந்துவிட்டால் அதைத் திரும்பப் பிரிப்பது கடினம். எனவே பிரித்துச் சேர்ப்பதே முக்கியம்.

“மறுசுழற்சி மட்டும் போதுமா?” என்று நீங்கள் கேட்கலாம். இன்று போதாது. மின்சார வாகனங்களால் தேவை கூடுகிறது. விற்ற வாகனங்களின் மின்கலன்கள் திரும்பிவரப் பல ஆண்டுகள் ஆகும். 2040க்குள் எல்லா வாகனங்களும் தூய எரிசக்தியில் ஓட வேண்டும் என்பது சிங்கப்பூரின் இலக்கு. அவற்றின் மின்கலன்கள் பழையதாகும்போது எங்கே போகும்? மின்கலன்களை அரைத்து, கறுப்புத் தூளாக்கி, அமிலத்தில் கரைத்து நிக்கலைப் பிரிக்கும் தொழில்நுட்பம் ஏற்கெனவே உண்டு. அதைப் பயன்படுத்த, மின்கலன்கள் முதலில் ஆலைக்கு வந்து சேர வேண்டும். அதற்கான பழக்கத்தை இப்போதே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

2021 ஜூலை முதல், மின்னணுப் பொருள்களைத் தயாரிப்போரும் இறக்குமதி செய்வோரும் அவற்றின் கழிவுச் சேகரிப்புக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது இங்கு சட்டம். மின்கழிவுத் தொட்டிகளும் பல இடங்களில் உள்ளன. இந்த வாரம் வீட்டு இழுப்பறையைத் திறந்து, மறுமின்னேற்ற மின்கலன்களைத் தேடி எடுங்கள். அவற்றைக் குப்பைத் தொட்டியிலோ நீலநிறத் தொட்டியிலோ போடாதீர்கள், தீப்பிடிக்கக்கூடும். மின்கழிவுத் தொட்டியில் சேருங்கள்.