கைத்திறனா, வாய்த்திறனா?

நமது சங்க அன்பர் ஒருவரின் புதல்வன் அண்மையில் ஒரு தொழிற்சாலைக்கு ஃபிட்டர் வேலைக்கான பேட்டிக்குச் சென்று வந்தான். ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டுகள் பயின்றவன். அரம் பிடித்தால் இரும்பு அவன் சொற்படி கேட்கும். ஆயினும் அவனிடம் வினவப்பெற்றவை யாவை? சொந்த ஊர் எது, தந்தையாருக்கு என்ன உத்தியோகம், இந்தி ஏன் தடுமாறுகிறது என்பனவே. அரத்தை ஒருவரும் அவன் கையில் கொடுக்கவில்லை. வேலையும் கிட்டவில்லை.

உடன் பணியாற்ற வருபவனோடு உரையாடிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால், உரையாடல் கைத்திறனை அளக்கும் கோலாகாது. மத்திய சர்க்கார் 2016 ஜனவரி முதல் கீழ்நிலைப் பதவிகளுக்கு நேர்முகப் பேட்டியை நீக்கியது. திறன் தேர்வையோ நீக்கவில்லை. ரயில்வேயில் எழுத்தர்-தட்டெழுத்தர் பதவிக்கு ஆங்கிலமாயின் நிமிடத்திற்கு 30 சொற்கள், இந்தியாயின் 25 சொற்கள் அடித்துக் காட்ட வேண்டும். தட்டெழுத்துப் பலகை எவர் மகன் என்று கேட்பதில்லை.

தனியார் பட்டறையிலும் இது இயலாததன்று. வந்தவர் அனைவருக்கும் ஒரே வேலையை, ஒரே கருவிகளுடன், ஒரே கால அளவில் கொடுக்க வேண்டும். அளவின் துல்லியத்திற்கு எத்தனை மதிப்பெண், மெருகுக்கு எத்தனை, பாதுகாப்புக்கு எத்தனை என்பதை முன்னதாகவே எழுதி வைக்க வேண்டும். எலெக்ட்ரீஷியனாயின், ஓடாத மோட்டார் ஒன்றைக் கொடுத்து, அவன் எதை முதலில் சோதிக்கிறான், எதைப் பின்னர் சோதிக்கிறான் என்று கவனித்தல் நன்று. தேர்வாளர்கள் தத்தம் மதிப்பெண்ணைத் தனித்தனியே குறித்த பின்னரே கலந்து பேச வேண்டும். இன்றேல் மூத்தவர் முகக்குறிப்பே முடிவாகிவிடும். செய்யவேண்டியதை அவனுக்கு விளங்கும் மொழியில் சொல்லுதலும் அவசியம்.

நிற்க. நம்மவருள்ளும் பட்டறை நடத்துவோர் உளர். "நம்ம ஊர்ப் பையன்" என்ற ஒன்றையே தகுதியாகக் கொண்டு ஆள் எடுப்பவர்களும் அவர்களுள் உண்டு. நம் பிள்ளைக்குப் பிறர் இழைத்தது அநீதியெனில், பிறர் பிள்ளைக்கு நாம் இழைப்பதும் அநீதியே அன்றோ?

இளைஞர்களுக்கும் ஒரு சொல்: வாழ வந்த ஊரின் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள், அது பட்டறையில் அன்றாடம் பயன்படும். பேட்டியில் நாத் தடுமாறினால் அஞ்ச வேண்டாம். "ஐயா, ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள்" என்று பணிவுடன் கேளுங்கள். கேட்பதில் இழிவொன்றுமில்லை.