தொட்டால் கெட்டுவிடுமா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலருக்கும் ஒரு பயம் இருக்கும். புத்தகத்தில் சொல்லாத எதையாவது செய்தால் கெட்டுவிடுமோ? இவர்கள் 'ரெட் வெர்சஸ் புளூ' என்ற இண்டர்நெட் காமெடித் தொடர் உருவான கதையைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரில் பர்னி பர்ன்ஸும் நண்பர்களும் 2003 ஏப்ரல் 1 அன்று இதன் முதல் பகுதியை வெளியிட்டார்கள். சில நிமிடங்களே ஓடும் படம். கேமரா இல்லை, செட் இல்லை. எக்ஸ்பாக்ஸில் ஓடும் 'ஹாலோ' என்ற துப்பாக்கிச் சண்டை கேம்தான் ஸ்டுடியோ. ஆளுக்கொரு வீரரை இயக்குவார்கள். ஒருவருடைய திரைதான் கேமரா. அதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, குரல் சேர்த்தார்கள். ஹெல்மெட்டுக்குள் வாய் தெரியாது. பேசுகிறவர் தலையை ஆட்டினால் போதும்.

ஒரே சிக்கல், ஹாலோ வீரர்கள் எப்போதும் துப்பாக்கியை நீட்டிக்கொண்டே நிற்பார்கள். ஆனால் கைத்துப்பாக்கியுடன் தரையைப் பார்க்க வைத்தால், மற்றவர் திரையில் அந்த வீரர் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு நேரே பார்ப்பது போலத் தெரியும். புரோகிராமில் இருந்த பிழை இது. அதையே நடிப்பாக்கி விட்டார்கள்!

கேலியும் கேம் மீதுதான். ஒன்றுமே இல்லாத பள்ளத்தாக்கில் இரண்டு அணிகள் எதற்காகக் காவல் காக்கின்றன? விளையாடுகிறவர்கள் கேட்காத இந்தக் கேள்வியை வீரர்களே கேட்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவரை, 'ஹெட்லைட்டுக்கு ஊற்றும் திரவம்' வாங்கி வரச் சொல்லி அனுப்புகிறார்கள். ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த யாருக்கும் இந்தக் கேலி புரியும்.

மைக்ரோசாப்ட் நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம். மாறாக, கட்டணம் இல்லாமலே அனுமதித்தது. 2004-ல் வந்த ஹாலோ 2-ல் துப்பாக்கியைத் தாழ்த்தும் வசதியே சேர்க்கப்பட்டது. 6 முதல் 8 பகுதிகளோடு முடிக்க நினைத்த தொடர், 2024-ல் அதன் நிறுவனம் மூடப்படும் வரை 20 ஆண்டுகளுக்கு மேல் நீண்டது.

பிறர் படைப்பை எடுத்து வியாபாரம் செய்ய எல்லோருக்கும் இப்படி அனுமதி கிடைத்துவிடாது. அதையும் மறக்க வேண்டாம். ஆனால் புரோகிராம் எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஒரு ஸாப்ட்வேர் எதற்கெல்லாம் பயன்படும் என்பது எழுதியவருக்கே முழுதாகத் தெரியாது. பயன்படுத்துகிறவர்தான் கண்டுபிடிக்கிறார்.

முக்கியமான ஃபைல்களுக்கு வேறு இடத்தில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். பிறகு, இதுவரை தொடாத மெனு ஒன்றைத் தைரியமாகத் திறந்து பாருங்கள்.