மாத்திரையும் முருங்கைக்கீரையும்



இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் உழைத்து வாழும் நம் குடும்பங்களுள் பல, சத்து மாத்திரைகளுக்கும் டானிக்குகளுக்கும் மாதந்தோறும் பணம் செலவிடுகின்றன. பிள்ளை மெலிந்திருந்தால் டானிக். தந்தை களைத்து வந்தால் மாத்திரை. இச்செலவு நன்மையா, வீணா, தீங்கா என்று சிந்திப்பது நலம்.

வைட்டமின் மாத்திரைகளைப் பழிப்பது நம் நோக்கமன்று. குறையுள்ள இடத்தில் அவை உயிர்காக்கும் மருந்தாகும். இதற்குச் சான்று தமிழகத்திலேயே உண்டு. மதுரையைச் சேர்ந்த டாக்டர் லைலா ரஹமத்துல்லாவும் அவருடன் பணியாற்றியோரும் திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளிடையே நடத்திய ஆய்வு 1990இல் வெளிவந்தது. ஒரு சாராருக்கு வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ ஓராண்டுக் காலம் அளிக்கப்பட்டது. அதைப் பெறாத குழந்தைகளைவிட, பெற்றவர்களிடையே இறப்பு 54 விழுக்காடு குறைவாக இருந்தது.

இதில் கருதத்தக்கது யாதெனில், அங்குக் கொடுக்கப்பட்டது உணவின் வாயிலாகவே பெறக்கூடிய அளவுதான். அந்த அளவுகூடக் கிடைக்காமையால் எத்தனை இளந்தளிர்கள் வாடின என்பதை எண்ணினால் நெஞ்சம் கனக்கிறது.

ஆயினும், சிறிதளவு நல்லது செய்தமையால் மிகுதி இன்னும் நல்லது செய்யும் என்று முடிவு கட்டலாகாது. பின்லாந்து நாட்டில், புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் நடந்த ஆய்வு 1994இல் வெளியாயிற்று. கேரட்டிலும் கீரையிலும் உள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாக்கித் தினமும் கொடுத்தால் புற்றுநோய் குறையும் என எதிர்பார்த்தனர். ஆனால், அதை உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு மிகுதியாகக் காணப்பட்டது!

வைட்டமின் சி போன்றவை மிகுந்தால், பெரும்பாலும் சிறுநீரோடு கழிந்துவிடும். வீணாவது நம் பணமே. வைட்டமின் ஏ, டி ஆகியன அவ்வாறல்ல. உடலில் தங்கிச் சேர்வன. ஏ மிகுந்தால் ஈரலையும் கருவிலுள்ள சிசுவையும் தாக்கும். டி மிகுந்தால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறிச் சிறுநீரகம் கெடும். கீரையை உண்ணும்போதோ, அதிலுள்ள கரோட்டினிலிருந்து தனக்கு வேண்டிய அளவு வைட்டமின் ஏயை மட்டுமே உடல் ஆக்கிக்கொள்கிறது.

நம் பகுதிக்குச் சத்துணவு அரிய பொருளன்று. காசிமேட்டுக்கு வரும் மத்தி, கவலை மீன்களில் புரதத்துடன் வைட்டமின் டியும் உண்டு. நெத்திலியை முள்ளோடு உண்டால் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். முருங்கைக்கீரையைச் சிறிது எண்ணெய் விட்டுச் சமைத்தால் அதன் சத்தை உடல் நன்கு ஏற்கும். விலையுயர்ந்த மீன் வாங்க இயலவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை.

அதேவேளையில், மருத்துவர் தரும் மாத்திரையை ஒதுக்குவதும் தவறே. கருவுற்ற சகோதரிகளுக்கு அரசு வழங்கும் இரும்பு, போலிக் அமில மாத்திரையை நான்காம் மாதம் முதல் குறைந்தது 180 நாட்கள் உண்ண வேண்டும். அக்காலத்துத் தேவையை உணவு மட்டும் ஈடுசெய்வது அரிது. ஒன்பது மாதம் முதல் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கொரு முறை ஊற்றப்படும் வைட்டமின் ஏ மருந்தையும் தவறவிடாதீர்கள். அதையே கடையில் வாங்கி மீண்டும் ஊற்றவும் வேண்டாம்.

இன்னுமொன்று. தீராத களைப்புக்கு இரத்தசோகையோ காசநோயோ நீரிழிவோ காரணமாயிருக்கலாம். கடைக்காரர் தரும் டானிக்கைக் குடித்துக்கொண்டு மாதங்களைக் கடத்தினால், உள்ளிருக்கும் நோய் வளரும். ஆகவே, முதலில் அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்குச் சென்று இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். குறையிருந்தால், சொன்ன அளவில் சொன்ன காலம் வரை மருந்து உண்ணுங்கள். குறையில்லையேல், டானிக்குக்கென ஒதுக்கிய பணத்தில் பிள்ளைகளுக்குக் கீரையும் மீனும் முட்டையும் வாங்குங்கள்.