கும்மிடிப்பூண்டி ரயிலில் ஒரு கச்சேரி!

காலை ஷிஃப்ட்டுக்குப் போகிற கூட்டத்தோடு மின்சார ரயில் மீஞ்சூரைத் தாண்டுகிறது. பாதிப் பேர் காதில் இயர்போன். கொஞ்சம் கழற்றிவிட்டுக் கேளுங்கள்... தண்டவாளத்தின் தடதட, சுண்டல் விற்பவரின் குரல், பொன்னேரிக்குப் பிறகு சிக்னலில் ரயில் நின்றால் மழைக்கால வயலிலிருந்து தவளைச் சத்தம், இறங்கியதும் சிப்காட் லாரிகளின் உறுமல்.

இதெல்லாம் இசையா என்கிறீர்களா? 'ஆம்பியன்ட்' என்று ஓர் இசை வகையே இருக்கிறது. பாட்டும் தாளமும் முன்னால் வந்து நிற்காது. ஊதுபத்தி வாசனை மாதிரி பின்னணியில் பரவியிருக்கும். இங்கிலாந்து இசைக்கலைஞர் பிரையன் ஈனோ வெளியிட்ட 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' ஆல்பம்தான் இந்தப் பெயரைப் பிரபலமாக்கியது. விமான நிலையத்தில் காத்திருப்பவர்களின் பதற்றம் தணியட்டும் என்று உருவாக்கிய இசை அது.

ஊர்ச் சத்தத்தையே எடுத்து இசையாக்குபவர்களும் உண்டு. பெங்களூரில் மெட்ரோ வேலை நடந்த நாள்களில், வங்காளத்தைச் சேர்ந்த ஒலிக்கலைஞர் புதாதித்ய சட்டோபாத்யாய் ரெக்கார்டரோடு நகரத்தைச் சுற்றினார். அந்தப் பதிவுகளிலிருந்து பிறந்த 'எலிஜி ஃபார் பெங்களூர்' 2013-ல் வெளியானது. எலிஜி என்றால் இரங்கற்பா. புது நகரம் எழும்பும் சத்தத்தில் பழைய நகரம் காணாமல் போகிறதே, அதற்கான இரங்கல்!

ஆனால், எட்டு மணி நேரம் மெஷின் பக்கத்தில் நிற்பவரிடம் 'இதுவும் இசைதான்' என்றால் கோபம் வரும். நியாயம்தான். தொழிற்பகுதியில் பகலில் 75, இரவில் 70 டெசிபல். குடியிருப்புப் பகுதியில் 55, 45 என்பது 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதி. இரைச்சலால் போன கேட்கும் திறன் திரும்பி வராது. அதனால் வேலையிடத்தில் இயர் ப்ளக் அவசியம். கேட்கும் காது இருந்தால்தானே ரசிக்க முடியும்?

ஒரு வயல் ஷெட்டாக மாறும்போது அங்கிருந்த தவளைச் சத்தமும் சேர்ந்தே போய்விடுகிறது. ஊரை போட்டோ எடுத்து வைக்கிறோம், சத்தத்தை யாரும் எடுத்து வைப்பதில்லை. உங்கள் மொபைலிலேயே ரெக்கார்டர் இருக்கிறது. அடுத்தமுறை ரயில் சிக்னலில் நிற்கும்போது இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். தேதியையும் ஊர்ப் பெயரையும் மறக்காமல் போட்டுவையுங்கள். 'அப்பா, இங்கே தவளை கத்துமா?' என்று ஒருநாள் பிள்ளைகள் கேட்டால், போட்டுக் காட்டலாம்!